வந்தவாசிக்கு எந்த ரூல்புக்?

பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களைச் சின்ன வீரர்களை வைத்து மேஜையில் ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "எந்த ரூல்புக் வாங்கலாம்?" என்றுதான். எந்தப் போர், எத்தனை பேர் ஆடப்போகிறீர்கள், மேஜை எவ்வளவு பெரியது என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த மூன்றும் தெரியாமல் எந்தப் புத்தகத்தையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

என் கணக்கு இது: போர், 1760 ஜனவரி 22 அன்று நடந்த வந்தவாசிச் சண்டை. ஆடுகிறவர்கள் நானும் என் அக்கா பையனும். மேஜை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை, மேலே பிளைவுட் போட்டால் ஆறடிக்கு நாலடி. வீரர்கள் 15 மி.மீ. உயரம். தாம்பரத்தில் இருந்து வந்தவாசிக்குப் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். அந்த மண்ணில் நடந்ததை விட்டுவிட்டு எடுத்த எடுப்பிலேயே ஐரோப்பாவில் இருக்கும் சைலீசியாவின் போர்க்களங்களுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஒரு விதிநூலைச் சோதிக்க நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான். நன்றாகத் தெரிந்த ஒரு போரை எடுத்துக்கொள்வது. அந்தப் போரைப் புரட்டிப்போட்ட தருணங்கள் எவை என்று பார்ப்பது. இந்தப் புத்தகத்தின்படி ஆடினால் அந்தத் தருணங்கள் நடக்க வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்பது. அப்படியே நடந்தாக வேண்டும் என்பதில்லை, நடக்க இடம் இருந்தால் போதும்.

வந்தவாசியில் அப்படிப்பட்ட தருணங்களுக்குக் குறைவே இல்லை. 1759 கடைசியில் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட கோட்டையை மீட்க, பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகை போட்டிருக்கிறார். அதை உடைக்க ஆங்கிலத் தளபதி அயர் கூட் வருகிறார். இரு தரப்பிலும் ஐரோப்பியக் காலாட்கள் ஏறக்குறைய ஆளுக்கு 2000 பேர், அதோடு சிப்பாய்கள், குதிரைப்படை, கொஞ்சம் பீரங்கி. பிரெஞ்சு வரிசையில் வலப்பக்கம் லொரேன் ரெஜிமெண்ட், நடுவில் இந்தியப் பட்டாலியன் என்று பெயர்கொண்ட, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, இடப்பக்கம் லாலியின் சொந்த ரெஜிமெண்ட். இடக்கோடியில் ஒரு குளக்கரையை அரணாக்கிக் கப்பல்படை ஆட்களையும் பீரங்கிகளையும் வைத்திருந்தார்கள். ஆங்கில வரிசையில் இடப்பக்கம் கூட்டின் ரெஜிமெண்ட், நடுவில் கம்பெனிப் பட்டாலியன்கள், வலப்பக்கம் டிரேப்பர் ரெஜிமெண்ட்.

முதல் தருணம்: லாலி தானே ஐரோப்பியக் குதிரைப்படையை நடத்திக்கொண்டு ஆங்கிலேயரின் இடப்பக்கத்தைச் சுற்றிப் பாய்கிறார். அங்கே நின்ற குதிரைக்காரர்கள் கலைகிறார்கள், சிப்பாய்கள் தடுமாறுகிறார்கள். பக்கத்தில் இருந்த இரண்டு பீரங்கிகள் சிதறுகுண்டு போட்டு அந்தப் பாய்ச்சலைத் திருப்பி அனுப்புகின்றன. இரண்டாவது: லாலி திரும்பி வந்து லொரேன் ரெஜிமெண்டை ஒடுக்கமான பத்தியாக, அதாவது அகலம் குறைந்து பின்னோக்கி நீண்ட அணியாக அமைத்துக் கூட்டின் ரெஜிமெண்ட் மீது ஏவுகிறார். ஐம்பது கெஜம் நெருங்கும் வரை கூட்டின் ஆட்கள் சுடவே இல்லை. அப்புறம் ஒரே நேரத்தில் சுட்டார்கள். பத்தியின் முன்புறமும் பக்கங்களும் நொறுங்கின. ஆனாலும் வந்த வேகத்தில் பத்தி வரிசைக்குள் புகுந்தே விட்டது. துப்பாக்கிமுனைக் கத்திச் சண்டைக்குப் பிறகுதான் லொரேன் பின்வாங்கியது.

மூன்றாவது: குளக்கரை அரணில் ஒரு வெடிமருந்து வண்டி மேல் ஆங்கிலக் குண்டு விழுந்து வெடிக்கிறது. அங்கிருந்தவர்கள் பலர் செத்து விழ, மற்றவர்கள் இடத்தை விட்டு ஓடுகிறார்கள். டிரேப்பர் ரெஜிமெண்டை நடத்திய பிரெரட்டன் அந்த இடத்தைப் பிடிக்கப் பாய்கிறார், அதிலேயே உயிரை விடுகிறார். நான்காவது: அரணை மீட்க இன்னொரு பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, லாலியின் ரெஜிமெண்டோடு வருகிறார். அவர் குதிரை சுடப்பட்டு விழ, அவர் சிறைப்படுகிறார். இதெல்லாம் நடக்கும்போது பிரெஞ்சுச் சிப்பாய்கள் முன்னேற மறுத்து நின்றார்கள். லாலியோடு வந்த மராத்தியக் குதிரைப்படையோ சண்டையில் சேரவே இல்லை.

இதை வைத்துக்கொண்டு புத்தகங்களைத் திறந்தோம்.

முதலில் 'பிளாக் பவுடர்'. ரிக் பிரீஸ்ட்லியும் ஜெர்விஸ் ஜான்சனும் எழுதி, 2009-ல் வார்லார்ட் கேம்ஸ் வெளியிட்டது. பெரிய மேஜை, நாலைந்து நண்பர்கள், ஒரு நாள் முழுக்க ஆட்டம் என்ற எண்ணத்தில் எழுதிய புத்தகம். மேஜையே பன்னிரண்டடிக்கு ஆறடி என்ற கணக்கில்தான் அதில் தூரங்கள் வரும். காலாட்படை ஒரு நகர்வுக்கு 12 அங்குலம் போகும், மஸ்கட் என்ற அந்தக் காலத் துப்பாக்கி 18 அங்குலம் சுடும். சென்னை வீட்டில் அந்த மேஜைக்கு ஹாலையே காலி செய்ய வேண்டும்.

மேஜையை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு கணக்கு. ஒரு பட்டாலியனில் 600 பேர், மூன்று வரிசையாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிசைக்கு 200 பேர். தோளோடு தோள் இடித்து நிற்கிறவனுக்கு 55 செ.மீ. இடம் கொடுத்தால், பட்டாலியனின் அகலம் 110 மீட்டர். மஸ்கட் சூடு கூட்டத்தின் மீது உருப்படியாக வேலை செய்கிற தூரமும் ஏறக்குறைய அதுதான். ஆக, சுடும் தூரமும் பட்டாலியனின் அகலமும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தாக வேண்டும். 28 மி.மீ. வீரர்கள் 24 பேரை இரண்டு வரிசையாக நிறுத்தினால் அகலம் 24 செ.மீ. வரும். 18 அங்குலம் என்பது 46 செ.மீ. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எதிரே நிற்கிறவனை மட்டுமல்லாமல், அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிற நீளம் அது. வரிசையின் ஓரம் என்பது அந்தக் காலத்தில் உயிர்நிலை. தூரம் நீண்டால் ஓரத்துக்கு மதிப்பு போய்விடுகிறது.

இதற்கு எளிய வழி உண்டு. அங்குலம் என்று போட்ட இடத்தில் எல்லாம் சென்டிமீட்டர் என்று படித்துக்கொள்வது. என் வீரர்களை 4 செ.மீ. அகலத் தட்டுகளில் ஒட்டி, நான்கு தட்டு சேர்ந்தது ஒரு படைப்பிரிவு என்று வைத்திருக்கிறேன். அகலம் 16 செ.மீ., மஸ்கட் 18 செ.மீ. கணக்கு நேராகிவிட்டது, சாப்பாட்டு மேஜையும் திடீரென்று பெரிய வயல்வெளி ஆகிவிட்டது. 15 மி.மீ. வைத்திருக்கும் யாருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

பிளாக் பவுடரில் எனக்கு ரொம்பப் பிடித்தது கட்டளை முறை. என்ன செய்யப்போகிறோம் என்று முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு பகடை உருட்ட வேண்டும். தளபதியின் மதிப்பெண் எட்டு என்றால், எட்டோ ஏழோ விழுந்தால் ஒரு நகர்வு, ஆறு விழுந்தால் இரண்டு, ஐந்தும் அதற்குக் கீழும் மூன்று. எட்டைத் தாண்டினால் அந்தப் படை அசையாது, அந்தத் தளபதி அந்தச் சுற்றில் வேறு யாருக்கும் கட்டளை கொடுக்கவும் முடியாது.

"லொரேன் பத்தியாக நேரே போய் அந்த ரெஜிமெண்டை இடிக்கட்டும், மாமா" என்று சொல்லிவிட்டு அக்கா பையன் பகடையை உருட்டும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். சொன்னது சொன்னதுதான். ஒன்பது விழுந்தால் லொரேன் நடு வயலில், பீரங்கிக்கு முன்னால், பத்தியாகவே நின்றுவிடும். "பாதியில நிக்குறாங்களே" என்றான். "கட்டளையை எடுத்துட்டுப் போறவன் குதிரையிலதானே போகணும், வழியில எது வேணா ஆகும்டா" என்றேன்.

இந்த நிச்சயமின்மை இல்லாத விதிநூலை நான் தொடமாட்டேன். 1757 ஜூன் 18, ஐரோப்பாவில் கோலின் போர். பிரஷ்யாவின் பிரெடெரிக் மன்னரின் திட்டம் ஆஸ்திரியரின் வலப்பக்கத்தைச் சுற்றிப் போவது. வழியில் ஆஸ்திரியப் பக்கத்துக் குரோவாட் வீரர்கள் சுட்டுத் தொந்தரவு செய்ய, பிரெடெரிக்கின் தளபதி மான்ஸ்டைன் தன் படையைத் திருப்பி அவர்கள் மேல் ஏவினார். சுற்றிப் போக வேண்டிய படை நேருக்கு நேர் மோதும் படையாக மாறியது, பிரெடெரிக் தோற்றார். 1759 ஆகஸ்ட் 1, மிண்டன். கட்டளையைத் தவறாகப் புரிந்துகொண்டு ஆறு ஆங்கிலக் காலாட் ரெஜிமெண்டுகளும் அவற்றோடு ஹனோவர் படையினரும் பிரெஞ்சுக் குதிரைப்படையை நோக்கி நடந்தே போனார்கள், போய் அதை முறியடித்தும் விட்டார்கள். ஒரே நோய், இரண்டு விளைவுகள். மேஜைக்கு மேலே நின்று எல்லாவற்றையும் பார்க்கிற நமக்கு அந்த இருட்டு கிடைக்க வேண்டுமானால் பகடையோ சீட்டோ நம் கையைப் பிடித்து இழுக்கத்தான் வேண்டும்.

லொரேனின் பாய்ச்சலும் பிளாக் பவுடரில் நன்றாகவே வருகிறது. பாய்ந்து வருகிற படை மீது, அது வந்து முட்டுவதற்கு முன் எதிரி சுடலாம். அதில் ஆறு விழுந்தால் வருகிறவர்கள் குலைந்துபோவார்கள். அப்படியும் வந்து மோதினால் கைகலப்பு. 1760-ல் நடந்தது அதுவே. ஆனால் லாலி குதிரைப்படையோடு போனதற்கு இதில் பெரிதாக எந்த விலையும் இல்லை. தளபதி எங்கே நின்றாலும் தூரத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கலாம். என் மனதுக்கு அது போதவில்லை.

இங்கேதான் 'மோரிஸ்' வந்தது. சாம் முஸ்தபா எழுதி 2012-ல் வெளியானது, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் மோரிஸ் த சாக்ஸின் பெயரைத் தாங்கியது. இது சீட்டுகளால் நடக்கும் ஆட்டம். உங்கள் முறை வரும்போது ஒரே ஒரு கூட்டத்தைத்தான் அசைக்கலாம். காலாட் வரிசையா, குதிரைப்படையா, பீரங்கியா, ஏதாவது ஒன்று. அதை அசைக்கச் சீட்டுகளைச் செலவழிக்க வேண்டும். தலைமைத் தளபதியிடம் இருந்து அந்தக் கூட்டம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு செலவு. அளவுகளும் அங்குலத்தில் இல்லை, உங்கள் தட்டின் அகலம்தான் அளவுகோல். 6 மி.மீ. வைத்திருப்பவரும் 28 மி.மீ. வைத்திருப்பவரும் ஒரு வரி மாற்றாமல் ஆடலாம். சுடும் தூரமும் நான்கு தட்டுகள் விரிந்து நிற்கும் ஒரு படையின் அகலத்துக்குச் சமம். நான் மேலே போட்ட கணக்கை இவரும் போட்டிருக்கிறார் என்று பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

இப்போது லாலியை வலக்கோடிக்கு அனுப்பிப் பாருங்கள். குதிரைப்படைப் பாய்ச்சல் மலிவாகக் கிடைக்கும், அவர் அங்கேயே இருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் இடக்கோடிக் குளக்கரையில் எதைச் செய்வதானாலும் கையில் இருக்கிற நல்ல சீட்டெல்லாம் போய்விடும். புஸ்ஸி அங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். இதற்கென்று நான் ஒரு விதியும் சேர்க்கவில்லை, புத்தகத்தில் இருப்பதே அது. ஒரு தளபதியின் குணம் போரின் போக்கை எப்படித் திருப்புகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் இன்னொரு விதிநூலை நான் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. அக்கா பையன் சொன்னது நியாயம்: "சில நேரம் களத்தைப் பாக்காம கையில இருக்கற சீட்டையே பாத்துட்டு ஆடறேன், மாமா." இரண்டு பேருக்கு மேல் இதில் ஆடுவதும் கஷ்டம். மூன்றாமவர் வந்தால் அவருக்கு வேலை இருக்காது. வாங்கும் முன் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இதன் சுருக்கப் பதிப்பு ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதிலேயே ஆட்டத்தின் சாரம் தெரிந்துவிடும்.

கீத் ஃபிளின்ட் எழுதி ஆஸ்பிரே 2015-ல் வெளியிட்ட 'ஆனர்ஸ் ஆஃப் வார்' மெல்லிய புத்தகம், வந்தவாசியும் கோலினும் அடங்கிய ஏழாண்டுப் போருக்கென்றே (1756–63) எழுதியது. தளபதிகளைத் துடிப்பானவர், நம்பத்தக்கவர், தயங்குபவர் என்று மூன்றாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு தளபதிக்கும் ஒரு பகடை. சில சுற்றில் படை பறக்கும், சில சுற்றில் கால் பின்னும். கோலின், லாய்தன் மாதிரி ஐரோப்பியக் களங்களில் ஒரு பகுதியை எடுத்து ஒரு மாலைக்குள் முடிக்க வேண்டுமானால் நான் இதைத்தான் எடுப்பேன். வந்தவாசிக்கு இது பொருந்தாமல் இல்லை. லாலி துடிப்பு, கூட் நம்பிக்கை என்று எழுதிவிட்டு ஆடலாம். லாலியின் அந்தச் சவாரிக்கு மோரிஸ் கேட்கும் விலையை மட்டும் இது கேட்பதில்லை.

லாய்தனை முழுசாக, 1757 டிசம்பர் 5 அன்று நடந்த அந்த மொத்தப் பக்கவாட்டு நடையோடு ஆட வேண்டும் என்றால் 'வாலி அண்ட் பேயனெட்'. அதில் ஒரு தட்டு ஒரு பிரிகேட், அதாவது பல பட்டாலியன்கள் சேர்ந்தது. பட்டாலியன் எப்படிச் சுட்டது என்ற கவலையே அதில் உங்களுக்குக் கிடையாது, அது பிரெடெரிக்கின் இடத்தில் நின்று பார்க்கிற ஆட்டம். பீட்டர் யங்கும் லாஃபோர்டும் 1967-ல் எழுதிய 'சார்ஜ்!', சார்லஸ் கிராண்ட் 1971-ல் எழுதிய 'தி வார் கேம்' இரண்டையும் படித்தே ஆக வேண்டும். ஒரு பட்டாலியனுக்கு ஐம்பது வீரர்களுக்கு மேல் நிறுத்தி ஆடிய தலைமுறை அது. ஐம்பது பேர் ஒரே வரிசையில் திரும்பும் அழகுக்கு ஈடே இல்லை. அத்தனை பேருக்கும் வண்ணம் பூச எனக்கு ஆயுள் வேண்டும்.

இனி, எந்தப் புத்தகமானாலும் நான் விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம். இந்தியக் களங்களுக்கான படைப் பட்டியல்கள் பலவற்றில் சிப்பாய்களைக் கண்ணை மூடிக்கொண்டு கடைசித் தரத்தில் போட்டுவிடுகிறார்கள். ஐரோப்பியன் என்றால் நடுத்தரம், கோட்டு போட்ட தமிழனோ தெலுங்கனோ என்றால் கீழ்த்தரம். இது வரலாறே இல்லை. மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கான் நடத்திய சிப்பாய்களை அந்தத் தரத்தில் போட முடியுமா? வந்தவாசியில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் அசையாமல் நின்றதற்குத் தோல் நிறத்தில் காரணம் தேட வேண்டியதில்லை. லாலியின் கஜானா காலி. முந்தின ஆண்டுதான் அவருடைய ஐரோப்பியப் படையே சம்பள பாக்கிக்காகக் கலகம் செய்திருந்தது. ஆகவே நான் தரத்தைக் குறைப்பதில்லை. பிரெஞ்சுச் சிப்பாய்களை எதிரியை நோக்கி நகர்த்துவதற்கு மட்டும் செலவைக் கூட்டி வைக்கிறேன். மோரிஸில் ஒரு சீட்டு அதிகம், பிளாக் பவுடரில் மதிப்பெண்ணில் இரண்டு குறைவு. நின்ற இடத்தில் தாக்கினால் அவர்கள் யாருக்கும் சளைக்காமல் சுடுவார்கள். மராத்தியக் குதிரைப்படையை மேஜையின் ஓரத்தில் வைக்கிறேன். லாலியாக ஆடுகிறவர் ஒவ்வொரு சுற்றிலும் அவர்களுக்காகச் செலவு செய்து பார்க்கலாம், வருவார்களா என்பது பகடைக்கு விட்டது.

படைகளின் எண்ணிக்கையிலும் ஒரு வேலை செய்தோம். பிரெஞ்சில் மூன்று ஐரோப்பியப் பட்டாலியன், ஆங்கிலத்தில் நான்கு என்று அப்படியே வைத்தால் எந்த விதிநூலிலும் ஆட்டம் அரை மணியில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு பட்டாலியனையும் இரண்டு பாதியாக்கி, ஒவ்வொரு பாதியையும் ஒரு படைப்பிரிவாக நடத்துகிறோம். அப்போது லொரேனின் முன்பாதி நொறுங்கினாலும் பின்பாதி தள்ளிக்கொண்டு வரும். பத்தியின் கனம் என்று படித்தது அப்போதுதான் மேஜையில் கண்ணுக்குத் தெரிந்தது.

கடைசியாக அந்த வெடிமருந்து வண்டி. இந்தப் போரை ஆட நினைக்கிற பலரும் அதை இத்தனையாவது சுற்றில் வெடிக்கும் என்று எழுதி வைக்க விரும்புவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெடிக்கப் போகிறது என்று தெரிந்தால் எந்த லாலியும் நல்ல ஆட்களை அங்கே வைக்கமாட்டார். எங்கள் விதி: பீரங்கி வைத்த இடம் எதுவானாலும், எந்தத் தரப்பானாலும், பின்னால் ஒரு வண்டி இருந்தாக வேண்டும். எதிரிப் பீரங்கி அந்த இடத்தைச் சுடும்போது ஒரே சூட்டில் இரண்டு ஆறு விழுந்தால் வண்டி போச்சு. ஒரு தட்டு அகலத்துக்குள் இருக்கிற எல்லோரும் குலைந்து பின்வாங்க வேண்டும். ஆங்கிலப் பக்கமும் வெடிக்கலாம், யாருக்குமே வெடிக்காமலும் போகலாம். வெடித்தால் காலியான அந்த இடத்துக்கு யார் முதலில் போய்ச் சேருகிறார்கள் என்பதில் பிரெரட்டனும் புஸ்ஸியும் தானாகவே மேஜைக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆக, நாங்கள் இருவர் மட்டும் ஆடினால் மோரிஸ். பொங்கல் விடுமுறைக்கு என் பழைய அலுவலக நண்பர்கள் வரும்போது, சென்டிமீட்டராக்கிய பிளாக் பவுடர். அப்போது ஆங்கிலப் பக்கம் மூன்று பேர், பிரெஞ்சுப் பக்கம் இரண்டு பேர். லாலியாக அக்கா பையனும் புஸ்ஸியாக நானும் உட்காருவோம். ஆட்டம் தொடங்கிய பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது, கட்டளையைச் சீட்டில் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று அவனே ஒரு விதி போட்டிருக்கிறான்.